மெஷின் மேலே ஏறக் கூடாதவள்

பர்மாவில், போட்டாதாங் படகுத்துறைக்குப் பின்னால் இருந்த லேத் பட்டறையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். முதலாளி நம் தமிழர்தான். படகுகளுக்கு புரொப்பல்லர் ஷாஃப்ட் கடைய, ஜப்பானிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் லேத்தை இறக்கினார். ஒரு பஸ் நீளம் இருக்கும். கூடவே வந்த தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படிக்க அங்கே என்னை விட்டால் ஆள் இல்லை. மிஷன் பள்ளியில் படித்தவள் என்று என்னை அதன் முன்னால் நிறுத்தினார். புரோகிராம் போட்டு ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் மெஷின் மேலே நான் ஏறக் கூடாது. ஷாஃப்டை அளக்க மெஷினோடு இருந்த மேடையில் ஏறித்தான் ஆக வேண்டும். பெண் மேலே நின்றால் கீழே நிற்கும் ஆணுக்கு மகிமை குறையும் என்பது பர்மாக்காரர்களின் நம்பிக்கை. முதலாளி அதை அவர்களைவிட இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அதனால் ஒவ்வொரு முறையும் பக்கத்து லேத்துக்காரர் தன் வேலையை விட்டுவிட்டு ஏறுவார். மைக்ரோமீட்டரைப் பார்த்து அளவைச் சொல்வார். நான் கீழே நின்று அதை மெஷினுக்குக் கொடுப்பேன். எனக்கு அளக்கத் தெரியும். தெரிந்தும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் அவர் அரை மில்லிமீட்டர் கூட்டிச் சொல்லிவிட்டார். நான் நம்பிக் கொடுத்தேன். மெஷின் அந்த அரை மில்லிமீட்டரையும் சேர்த்துச் சீவித் தள்ளியது. ஷாஃப்ட் மெலிந்து எதற்கும் உதவாமல் போயிற்று.

"பொம்பளை கை பட்டா இப்படித்தான் ஆவும்," என்றார் முதலாளி. தப்பாகச் சொன்னவர் தன் லேத்தைத் துடைக்கப் போய்விட்டார். முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்ததும் கெட்டுச்சுன்னா நீ வீட்டுக்குப் போயிடு தங்கச்சி."

அடுத்த ஷாஃப்டில் கடைசிச் சீவலுக்கு முன் மெஷினை நிறுத்தினேன். அங்கே பெண்களும் கட்டும் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன்.

"எறங்கு," என்றார் முதலாளி.

"கெட்டா போறது என் வேலைண்ணே. அளவையும் நானே பாத்துக்கிறேன்."

கீழே நின்ற ஆண்கள் கூரை ஓடு விழப்போவதைப் போல ஒதுங்கினார்கள். அளந்தேன், இறங்கினேன், ஓட்டினேன். ஷாஃப்ட் கச்சிதமாக வந்தது. முதலாளி தானே அளந்து பார்த்தார். படகுக்காரர் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் மேடைப் படியில் ஒரு பலகை தொங்கியது. புத்தர் கோயில்களில் மேல் தளத்துக்குப் போகும் வழியில் வைத்திருப்பார்களே, அதே பர்மிய வாசகம்: பெண்கள் ஏறக் கூடாது. அந்தப் பட்டறையில் பெண் என்று இருந்தது நான் ஒருத்திதான். என் பெயரையே எழுதியிருக்கலாம், பெயிண்டாவது மிச்சமாகியிருக்கும்.