தண்ணீர் கட்டிப் பார்த்த அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். அதனால் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அண்ணன் யாரையும் லேசில் நம்பமாட்டார். கூடப்பிறந்த என்னையும் சேர்த்துத்தான்.

முத்தியால்பேட்டையில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினான்கு வயது, எனக்கு மூன்று. பள்ளியை விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குக் கல் சுமக்கப் போனார். பிறகு கொத்தனார் ஆனார், அதற்கும் பிறகு மொட்டைமாடித் தளம் போடும் கான்ட்ராக்டர் ஆனார். இரண்டு தங்கைகளுக்கும் திருமணம் செய்துவைத்தார். கஷ்டப்பட்டேன் என்று ஒருநாளும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

தொழிலில் அவர் நிலைத்து நின்றதற்கு அவருடைய பழக்கங்களே காரணம். "நாளைக்கு வரேன்" என்று யாரிடமும் சொல்லமாட்டார். "வியாழக்கிழமை எட்டு மணி" என்பார், ஏழே முக்காலுக்கு வாசலில் நிற்பார். மணல் லாரி வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். கரித்தால் கடல் மணல் கலந்திருக்கிறது என்று அர்த்தம். லாரிக்காரர் பிள்ளைமேல் சத்தியம் செய்தாலும் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். வேலை முடியும்வரை அந்த வீட்டில் ஒரு வாய் காபி குடிக்கமாட்டார். "காப்பி குடிச்சா கண்ண மறைச்சுடும்டா. அவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டத் தோணும்" என்பார். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். அண்ணன் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "ஒழுவுற வீட்டுல வளந்த பொண்ணு. எதையும் சமாளிக்கும்" என்று அங்கேயே சொல்லிவிட்டார். என் மனைவி இன்றுவரை அதை மறக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பழக்கம் தண்ணீர் கட்டுவது. தளம் முடிந்ததும் மாடியில் தண்ணீர் இறங்கும் குழாய்களைத் துணியாலும் களிமண்ணாலும் அடைத்து, கணுக்கால் அளவு தண்ணீர் நிறுத்தி, மூன்று நாள் வைப்பார். கீழே கூரையில் ஈரம் பூக்காவிட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. நானும் அவருடன் பத்து வருடம் வேலை செய்தேன். நான் கட்டிப் பார்த்துத் திறந்துவிட்ட மாடியை அவர் வந்து மறுபடி அடைத்துத் தண்ணீர் கட்டுவார். ஒரு மாடியைக்கூட விட்டதில்லை.

உப்பளத்தில் ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் இரண்டாவது முறை தண்ணீர் கட்டுவதைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ஒங்க அண்ணனுக்கு ஒம்மேல நம்பிக்க இல்லியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு மானமே போய்விட்டது. அந்த வாரமே பிரிந்து தனியாக வேலை எடுக்கத் தொடங்கினேன்.

அதோடு விட்டாரா? முதல் மழை பெய்ததும், நான் தளம் போட்ட வீடுகளுக்கெல்லாம் அவர் போய்க் கூரையைப் பார்த்துவிட்டு வருகிறார் என்று செய்தி வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி பரிமாற, அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என் கஸ்டமர இழுக்கப் பாக்குறியா? தம்பி வயித்துல அடிக்கிறியா?"

"ஒழுவுதான்னு பாக்கத்தான்டா போனேன்."

"ஒழுவுனாதான ஒனக்கு சந்தோஷம்!"

சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். நான்கு வருடம் நாங்கள் பேசவில்லை. அவர் போய்வந்த வீடுகளில் ஒருவர்கூட என்னை விட்டு அவரிடம் போகவில்லை. பாவி நான், அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன். ஏதோ பெரிதாகத் திட்டம் போடுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு முறை கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். ஒருநாள் அண்ணி போன் செய்தார்கள். "மாடி ஒழுவுது தம்பி. நீதான் வந்து போடணுமாம்."

ஊரில் ஆளா இல்லை? என்னை ஏன் கூப்பிடுகிறார்? குற்றம் கண்டுபிடித்து நாலு பேர் முன்னால் சொல்லத்தான் என்று நினைத்தேன். ஆனாலும் போனேன். ஒன்பது நாள் வேலை. மூன்று நாளுக்குப் பதில் ஐந்து நாள் தண்ணீர் கட்டினேன். அண்ணன் மேலே வரவில்லை. தெருமுனைக் கடைவரை தினமும் நடந்து போகிறவர், மாடிப்படி மட்டும் ஏறவில்லை. கடைசியில் நானே போய்க் கேட்டேன்.

"அண்ணே, ஒரு தபா மேல வந்து பாத்துடு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பறம் இன்னா?"

அவ்வளவுதான். பத்து வருடம் சோதித்தபோது வந்த கோபத்தைவிட, சோதிக்காதபோது வந்த பயம் பெரிது. என்னை நம்பினாரா, இல்லை உடம்பும் மனசும் ஓய்ந்துபோய் விட்டுவிட்டாரா? எனக்கு விளங்கவில்லை.

இரண்டு மாதத்தில் அண்ணன் போய்விட்டார். அவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டிவந்த எதிர்வீட்டுக்காரருக்கும், வேலையை நிறுத்திவிட்டு வந்து பாடை சுமந்த கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும், காரியம் முடியும்வரை கூடவே இருந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மன்னிப்புத்தான் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவர் போவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, பகலில் பெருமழை. மனசு கேட்காமல் நனைந்துகொண்டே அவர் வீட்டுக்கு ஓடினேன். கட்டிலை இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். முன்பு எந்த மூலை ஒழுகியதோ, சரியாக அதற்கு நேர் கீழே அண்ணன் மல்லாந்து படுத்திருந்தார்.

"இன்னாண்ணே, செக் பண்றியா?"

"இல்லடா. தூக்கம் வருது."

சொன்னபடியே கண்ணை மூடித் தூங்கிப்போனார். ஒரு மணி நேரம் மழை அடித்தது. அவ்வளவு நேரமும் பக்கத்தில்தான் நின்றேன். அவர் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.