கூத்துக்காரரின் அட்டிகை

புகழ்பெற்ற மேடைக் கலைஞர்கள் அணிந்த பழைய நகைகளைச் சேகரிக்கிறேன். அவர்கள் அவற்றை அணிந்திருக்கும் படம் இல்லாமல் எதையும் வாங்குவதில்லை. பொறியியல் படித்ததால் வந்த பழக்கம்.

ஜலகண்டாபுரத்தில் ஓர் அம்மா, தெருக்கூத்தில் திரௌபதி வேடத்துக்குப் பேர்போன தன் கணவரின் அட்டிகையைக் காட்டினார். கணவர் போன வருடம் இறந்துவிட்டார். படம் எதுவும் இல்லை. வேண்டாமென்று எழுந்தேன்.

"வாங்காட்டிப் போவுது சாமி. எங்கழுத்துல ஒருக்கா மாட்டி உடு. கூத்து நகைன்னு அவரு என்னைத் தொடவே உட்டதில்ல. இப்ப நானா எடுத்துப் போடவும் மனசு வரல."

மாட்டிவிட்டேன். கழுத்தை ஒட்டி நிற்க வேண்டிய அட்டிகை நெஞ்சுக்குச் சரிந்தது. ஆண் கழுத்துக்கு அளவெடுத்துச் செய்தது. நான் தேடிய சான்று கண்ணெதிரே தொங்கியது.

கைப்பேசியில் படமெடுத்துக் காட்டினேன். "அழகா இருக்கீங்கம்மா."

அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். "அட போ சாமி. அவரு போட்டாத்தான் எடுப்பா இருக்கும். எனக்கே பொறாமையா இருக்குமுங்கறேன்" என்று சிரித்தபடி கழற்றிக் கொடுத்தார்.

விலை கொடுத்து வாங்கிக்கொண்டேன். அட்டிகையின் பக்கத்தில் அந்தப் படத்தைத்தான் வைத்திருக்கிறேன். இவர்தான் அந்தக் கலைஞரா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை, அவர் மனைவி என்பேன். என் சேகரிப்பில் அளவு பொருந்தாத படம் அது ஒன்றுதான். அதைவிட நம்பகமானது வேறில்லை.