பொல்கொடையில் அம்மாவுக்கு ஓய்வு

எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் சொல்லாமல் எங்கேயும் போனதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து மருதானைக்குப் போவதென்றாலும் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் அப்பா சப்பாத்தைப் போடுவார். சொல்லும்போது, "நீங்களும் வாருங்கோவன்" என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். கேட்டவர், "ஓம் ஓம், பிறகொரு நாளைக்குப் பாப்பம்" என்று சொல்ல வேண்டும். இவர் உண்மையாகக் கூப்பிடவில்லை, அவர் உண்மையாக வரப்போவதுமில்லை. இருவருக்கும் இது தெரியும். இந்த மரியாதை ஒரேயொரு தடவை பிசகிப்போயிற்று. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முந்திய காலம். அப்பா துறைமுகத்துக் கம்பனி ஒன்றில் வெள்ளைக்காரத் துரையின் கீழ் கிளாக்கர். அம்மா நெருப்புக் காய்ச்சலில் இரண்டு மாதம் கிடந்து எழும்பியிருந்தாள். தலைமயிர் பாதி கொட்டிவிட்டது. வளையலைத் தள்ளினால் முழங்கை வரை ஏறியது. அந்த உடம்போடு மூன்றாம் நாளே அடுப்படிக்குப் போய்விட்டாள். பொரளையிலிருந்த டாக்டர் அப்பாவைப் பிடித்துத் திட்டினார். ஒரு கிழமைக்காவது அவள் அடுப்புப் பக்கம் போகக்கூடாது, காற்று மாற வேண்டும், காய்ச்சல் திரும்பி வந்தால் உடம்பு தாங்காது என்றார். பயம் வந்தால் அப்பா தலையைச் சொறிவார். அன்று டிராமில் வீடு வந்து சேரும் வரை சொறிந்துகொண்டே வந்தார்.

துரைக்குப் பொல்கொடை வாவிக் கரையில் ஒரு பலகை வீடு இருந்தது. விடுமுறை நாட்களில் போய்த் தங்கி மீன் பிடிப்பார். இரண்டு அறை, ஒரு குசினி, தண்ணீருக்குள் நீண்டு போகும் பலகைத் துறை, அதில் கட்டிய ஒரு சிறு தோணி. பதினைந்து வருட வேலையில் அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டார்; துரையும் சாவியைத் தந்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒரு கிழமை அங்கே இருப்போம், காவல்காரனின் மனைவி சமைத்துத் தருவாள், அம்மா கையை நனைக்கக்கூடாது. இதைவிட நல்ல திட்டம் ஒன்றை அப்பா தன் வாழ்நாளில் போட்டதில்லை.

போட்ட மனிதர் பேசாமல் ரயில் ஏறியிருக்கலாம் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்துப் பெரியப்பாவிடம் சொன்னார். பின்னேரம் வெள்ளவத்தைக்குப் போய்த் தன் அக்காவிடம், அதாவது என் மாமியிடம் சொன்னார். இரண்டு இடத்திலும் "நீங்களும் வாருங்கோவன்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பெரியப்பா, "துரையின்ர பங்களாவோ?" என்று கண்ணை விரித்தபோதே அப்பாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். மாமி சுற்றி வளைக்கவே இல்லை. "எத்தினை மணிக் கோச்சி?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை மொரட்டுவையில் இறங்கி மாட்டு வண்டி பிடித்துப் போனோம். அன்று ஒரு நாள் எல்லாம் நினைத்தபடி நடந்தது. காவல்காரனின் மனைவி சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டுவிட்டு அம்மா துறையைப் பார்த்தபடி சாய்கதிரையில் படுத்துத் தூங்கினாள். காய்ச்சல் இல்லாமல் அம்மா பகலில் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா காகம் கத்தினாலும் கை தட்டித் துரத்திக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. ஒன்றிலிருந்து மாமியும் அவள் பிள்ளைகள் நால்வரும் பாய்ச் சுருள்களும் ஒரு சாக்கு ஈரப்பலாக்காயும் இறங்கின. மற்றதிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் பிள்ளைகள் இருவரும். கடைசியாக, எனக்குத் தெரியாத ஒரு தம்பதியும் இறங்கினார்கள். அவர்கள் பெரியப்பாவின் முன்வீட்டுக்காரர். புறப்படும்போது பெரியப்பா அவர்களிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சொன்னால் "நீங்களும் வாருங்கோவன்" என்று சேர்க்காமல் விடுவாரா?

மத்தியானம் மாமி காவல்காரனின் மனைவி வைத்த கறியில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

"குறை சொல்லேல்ல. ஆனா மச்சாளின்ர கைச்சமையல் மாதிரி வருமே?"

அம்மா எழும்பிவிட்டாள். அப்பா பின்னாலேயே குசினி வரை போனார்.

"இஞ்சாரும், டாக்டர் சொன்னது மறந்துபோச்சோ?"

"வந்த சனத்துக்கு ஒரு சொதியாவது வைக்காட்டி என்ன நினைப்பினம்? நீங்கள் போய் அவையோட கதையுங்கோ."

வந்தவர்களிடம் அப்பா நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். காய்ச்சல்காரியைச் சமைக்க விடாதீர்கள் என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். தலையைச் சொறிந்தார், அவ்வளவுதான். மாமிக்குக் கால் உளைவு. பெரியம்மாவுக்குப் புகை ஒத்துக்கொள்ளாது. முன்வீட்டு அம்மாள் விருந்தாளி. சமையலைக் கையிலிருந்து பிடுங்கியதில் காவல்காரனின் மனைவிக்கும் ரோசம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் எட்டியும் பார்க்கவில்லை. ஆக, ஓய்வெடுக்க வந்த அம்மா வீட்டில் மூன்று பேருக்குச் சமைத்ததை விட்டுவிட்டு, வாவிக் கரையில் பதினான்கு பேருக்குச் சமைத்தாள். பெரியப்பா சீட்டுக் கட்டைக் கலைத்துக்கொண்டே, "நல்ல காத்து. தங்கச்சிக்கு உடம்பு தேறும்" என்று சொல்வார். நானாவது உதவினேனா? மாமியின் பிள்ளைகளோடு சேர்ந்து நாளுக்கு மூன்று தடவை பசிக்கிறது என்று போய் நின்றேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, கரிச்சட்டியைக் கழுவத் துறைக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தோணியின் கயிற்றை அவிழ்த்து ஏறி உட்கார்ந்து துடுப்பைப் போட்டாள். அம்மா மன்னார்க் கரையில் பிறந்தவள் என்பது தெரியும். துடுப்புப் பிடிப்பாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சத்தமே இல்லாமல் நடு வாவிக்குப் போய்த் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

சீட்டு விளையாட்டில் இருந்தவர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. அப்பா கவனித்தார். கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு நேரே குசினிக்குப் போனார். நானும் போனேன். தண்ணீர் சுடவைக்கவும் தெரியாத மனிதர் அடுப்பின் முன் குந்தியிருந்து சோற்றைக் காவல் காத்தார். ஊதினார், இருமினார், விறகை உள்ளே தள்ளினார். எவ்வளவு நேரம் போயிற்றோ, கருகிய மணம் வந்தது. அகப்பையை விட்டுப் பார்த்தால் அடி பிடித்துவிட்டது. எனக்குப் பசியில் அழுகை வந்தது. அம்மாவைக் கூப்பிடத் துறைக்கு ஓடினேன். அப்பா பின்னால் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"கூப்பிடாதை பிள்ளை. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

சோற்றைக் கருக்கிய குற்றம் வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் என்னைத் தடுக்கிறார் என்று நினைத்தேன். நன்றாக வரட்டும் என்று கையை உதறிக்கொண்டு, இருந்த பலம் முழுவதையும் கூட்டிக் கத்தினேன்.

"அம்மா! சோறு அடிப்பிடிச்சுப்போச்சு!"

 அப்பா துறையின் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஊருக்குத் திரும்பிய பத்தாம் நாள் காய்ச்சல் மறுபடி வந்து, அம்மா இன்னும் ஒரு மாதம் படுத்தாள். அவள் தப்பியதில் எங்களில் ஒருவருக்கும் பங்கில்லை. ஆனால் அன்றைக்கு, என் குரல் நடு வாவி வரை கேட்டுவிட்டதே என்று எனக்கு ஒரே பெருமை.

அம்மா திரும்பிப் பார்த்தாள். போனதைவிட வேகமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். தோணியைக் கட்டிவிட்டுக் கரையேறி, ஈரக் கையால் என் முகத்தைத் துடைத்து, "பசிக்குதோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.