உப்புப் போட்ட பானகம்

மதுரையில் டாக்டருக்குப் படிக்கும் என் மகள் பூங்கொடி போன வாரம் கம்பம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். தேசம் தேசமாகச் சுற்றும் காலரா மதுரைக்கும் வந்துவிட்டதல்லவா? வகுப்பு கிடையாது. பரீட்சை தள்ளிப்போய்விட்டது. மாணவர்கள் எல்லோருக்கும் காலரா வார்டில்தான் டியூட்டி. மாரியம்மன் பொங்கலுக்கென்று லீவு கேட்டு வந்திருந்தாள்.

பக்கத்து வீட்டுக் கருப்பையா திராட்சைத் தோட்டக்காரர். வாய் சும்மா இருக்காது.

"என்னண்ணே, டாக்டர் படிப்பு அம்புட்டுத்தானா? புள்ளைய பேதி அள்ள விட்டுட்டாகளாமே!"

சுருக்கென்றது. எட்டாவதோடு நின்றவன் நான்... துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

மறுநாள் காலை அதே கருப்பையா வீட்டில் அலறல். ஓடினோம். வாந்தி, பேதி. மனுசனுக்குக் கண் உள்ளே போய்விட்டது. கையில் மஞ்சள் காப்பு மட்டும் பளிச்சென்று இருந்தது — தீச்சட்டி எடுக்கக் கட்டியது.

"வண்டியக் கட்டுங்க, கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்றாள் மகள்.

கருப்பையாவின் மனைவி செல்லம்மா வாசலை மறித்துக்கொண்டார். "காப்புக் கட்டுன ஆளு எல்லை தாண்டக் கூடாதுத்தா. ஊசியும் ஆகாது. சாமி குத்தமாயிரும்."

"தண்ணியாச்சும் குடுத்தீகளா சித்தி?"

"தண்ணியா? குடிச்சா இன்னும்ல போகும்!"

மகள் என்னைப் பார்த்தாள். நானும் காப்புக் கட்டியவன்தான். என் கைக்காப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் சண்டை போடவில்லை. "சித்தி, காப்புக் கட்டுனவுக பானகம் குடிக்கலாம்ல?" என்று கேட்டாள்.

"ஆத்தாளுக்குப் படைக்கிறதாச்சே. தாராளமாக் குடிக்கலாம்."

"அப்பக் கொதிச்சு ஆறுன தண்ணியில வெல்லத்தக் கரைங்க. நான் கொஞ்சம் உப்புப் போடுவேன். அதான் மருந்து. சொல்லிட்டுத்தான் செய்யிறேன்."

செல்லம்மா தயங்கினார். இப்போது நான் குறுக்கே புகுந்தேன். "உப்பும் மொளகும் கொட்டித்தானே தாயீ ஆத்தாளுக்கு நேர்த்திக்கடன் கழிக்கிறோம்? உப்பு அவளுக்கு ஆகாததா?"

அவ்வளவுதான். அடுப்புப் பற்றியது.

ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். வாந்தி எடுத்தால்? கொஞ்சம் பொறுத்து மறுபடி ஸ்பூன். அந்த ஈரத் தரையில் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தாள் என் மகள்.

"வார்டுல நரம்புல ஏத்துற பாட்டில் மருந்து தீந்து போச்சுப்பா. எங்க புரொபசர் உப்பும் சர்க்கரையும் கரைச்ச தண்ணி டம்ளரக் கையில குடுத்து ஊட்டச் சொன்னாரு. நாங்க படிச்ச பொஸ்தகத்துல இது இல்ல" என்றாள்.

சாயங்காலம் கருப்பையா முனகினார். "ஒண்ணுக்கு வருது..."

மகள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு! "இதுக்குத்தாம்ப்பா காத்துக்கிட்டிருந்தேன். உடம்புல தண்ணி தங்கிருச்சு. சித்தப்பா பொழச்சாரு!"

பெற்ற பிள்ளை பாஸானால் சந்தோஷப்படலாம். அடுத்த வீட்டுக்காரன் ஒண்ணுக்குப் போனதற்கு இப்படிச் சந்தோஷப்படச் சொல்லித்தருகிற படிப்பு இருக்கிறதே — அது பெரிய படிப்புதான். வகுப்பு மூடினால் மூடட்டும்!

மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

"திருவிழாவப் பாத்துட்டுப் போ ஆத்தா."

"அங்கன ஆளுக தரையில கெடக்காகப்பா."

அன்று கோயிலில் பூசாரி, யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார். மகள் பேரும் நட்சத்திரமும் கூட்டத்துக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னேன். பூசாரிக்குக் கேட்க அவ்வளவு சத்தம் தேவையில்லை... அம்மன் மன்னிக்கட்டும்!