குளிசையும் நாய்க்கடி ஊசியும்

வில்கமுவையில் அறுவடை முடியும் முன்பே கிளம்பிவிட்டேன். என் காலைக் கடித்த நாய் மூன்றாம் நாள் வாயில் நுரை தள்ளிச் செத்துப்போயிருந்தது. அன்று பஸ் இல்லை. பல்லேகமப் பாதையில் நடந்துகொண்டே, மடியிலிருந்த வெள்ளைக் குளிசைகளில் நான்கை ஒன்றாக விழுங்கினேன்.

எனக்குப் பல வருடமாக மூட்டுவாதம். விடிந்தால் விரல் மடங்காது, முழங்கால் வீங்கியிருக்கும். டவுனில் என்ன மருந்து என்று கேட்காமல் வாங்கும் அந்தக் குளிசை போட்டால்தான் வேலை செய்ய முடியும். வேலை கூடினால் குளிசையையும் கூட்டுவேன். கூலிக்கு அலையும் எங்களில் பலர் அப்படித்தான்.

வழியில் ஒரு டிராக்டர் ஏற்றிக்கொண்டது. மறுநாள் மாத்தளை ஆஸ்பத்திரியில், தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினான்கு ஊசி என்றார்கள். வேறு மருந்து எதுவும் எடுப்பதில்லை என்று சொல்லிவைத்தேன். டாக்டர் என் உப்பிய கன்னத்தைப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே வேலை செய்த அக்கா ஒருவர் அதைத் தமிழில் சொன்னார்.

"மடியில இருக்கறத எடுங்க தம்பி. இந்த மூஞ்சி சோறு தின்னு ஊதின மூஞ்சி இல்லையாம்."

எடுத்துக் கொடுத்தேன். அந்தக் குளிசையை அள்ளிப் போட்டால் ஊசி உடம்பில் பிடிக்காதாம். ஒரேயடியாக நிறுத்தினாலும் ஆபத்தாம். ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் கூடாது என்றார் டாக்டர். அந்த மாதம் எப்போது ஊரடங்கு போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. நடந்து வரும் தூரத்திலேயே தங்கச் சொன்னார்.

"நாய் கடிச்சது கால்ல, ஊசி வயித்துல. எனக்கு வெளங்கல அக்கா" என்றேன்.

"உசுரு எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். ஒரு நாளும் தவற விட்றாதீங்க."

பதினான்கு நாள் ஒரே ஊரில் இருப்பது எனக்குப் புதிது. அதுவும் ஒரு குளிசையில். மண்வெட்டியோ மூட்டையோ தொட முடியாது. மறுநாள் காலை இரண்டாம் ஊசியைப் போட்டுக்கொண்டு, நின்று நின்று பக்கத்து ஊரான அலுவிகாரைக்கு நடந்தேன். மிளகு வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம், உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டேன். தினம் காலையில் ஊசிக்குப் போகவேண்டும் என்பதையும் சொன்னேன்.

"குந்திக்கிட்டு சாப்பிட நீ என்ன எங்கூட்டு மருமகனா?" என்றார். பிறகு, வெயிலில் மிளகு காய்ந்த பாயைக் காட்டினார். கோழி வராமல் பார்க்கவேண்டும். இரண்டு வேளைச் சோறு, படுக்கக் கொட்டகை.

ஒரு கம்பும் கொடுத்தார். விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாயோரம் உட்கார்ந்தேன்.