நானே எழுதிக் கொடுத்த பட்டியல்

எங்கள் பக்கத்தில் மறியல் செய்து கைதாவது ஒரு பகல் வேலை. பத்து மணிக்குச் சாலையில் உட்கார்ந்தால் பதினோரு மணிக்கு வேனில் ஏற்றுவார்கள். ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கி, மதியம் சாம்பார் சாதம் போட்டு, மாலை ஆறு மணிக்குத் தலையை எண்ணி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆற்றில் தண்ணீர் விடவில்லை என்று, கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை நனைகிறது என்று, பயிர்க் காப்பீடு வரவில்லை என்று நானே நான்கைந்து முறை இப்படிப் போய்வந்திருக்கிறேன். நெல்லுக்காகக் கைதானவர்களை ஆறு மணிக்கு விட்டுவிடுகிறார்களே, வீட்டுக்காகக் கைதாகிறவர்களை ஏன் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற நினைப்பில், அன்று காலையில் இட்லிக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். சாயங்காலம் வந்து அரைத்துக்கொள்ளலாம்.

கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையில் இருபத்து மூன்று வீடுகள் எங்கள் தெரு. ஊராட்சியில் வீட்டு வரி வாங்கிக்கொள்கிறார்கள். மின்சார மீட்டர் ஓடுகிறது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு எங்கள் கதவு எண்கூடத் தெரியும். பட்டா கேட்டுப் போனால் மட்டும், "அந்த இடத்துல யாரும் குடியிருக்கறதா ரெக்கார்டு இல்லையேம்மா" என்பார்கள். அப்படிக் குடியில்லாத எங்களுக்குத்தான் வாய்க்கால் புறம்போக்கை இருபத்தொரு நாளில் காலி செய்யும்படி நோட்டீஸ் வந்தது. ஆளில்லாத வீட்டுக் கதவுகளில் ஒன்றுவிடாமல் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு அறையும். அதில் நாங்கள் இரண்டு குடும்பம். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கொழுந்தனார் துபாயில் கட்டட வேலை. அங்கே அவர் கட்டுவதெல்லாம் வீடுதான். அவர் மனைவி, என் ஓரகத்தி, கல்யாணமாகி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிளஸ் டூ படித்தவள், வயலில் இறங்காதவள், அதிகம் பேசாதவள். அவளைக் கூடப்பிறந்த தங்கைபோலத்தான் நடத்தினேன். குழம்பில் உப்புக் குறைந்தால் உடனே சொல்லிவிடுவேன். துணி காயப்போடும் முறை, வெங்காயம் நறுக்கும் அளவு, புருஷனோடு போனில் எவ்வளவு நேரம் பேசலாம் என்பது வரை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் தலையை ஆட்டிக்கொள்வாள்.

அந்த மாதம் அவளுக்கு ஒரு யோகம் அடித்திருந்தது. அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. முப்பதாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எங்கள் தெருவில் முதல் அரசாங்கச் சம்பளம். உள்ளூர்க்காரிக்குத்தான் அந்த வேலை என்பதால், அவள் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறாள் என்று தாலுகா ஆபீசிலேயே இருப்பிடச் சான்றும் கொடுத்திருந்தார்கள். பட்டா பிரிவுக்கும் சான்றிதழ் பிரிவுக்கும் நடுவில் ஒரு மரத் தடுப்பு இருக்கிறது. சத்தம் கேட்காது போலிருக்கிறது.

மறியல் நல்லபடியாக நடந்தது. ஆண்களெல்லாம் பிழைப்புக்குப் போய்விட்டதால் வந்தது பெண்கள்தான். மண்டபத்தில் எங்களை உட்கார வைத்து, ஒரு பெண் காவலர் பெயர் எழுத வந்தார். பாவம், சின்னப் பெண். அவர் எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது. ஒருத்தியின் புருஷன் பெயரை அப்பா பெயராகப் போட்டார், தெருப் பெயரில் பாதியை விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. நான் மகளிர் குழுவில் பத்து வருஷமாகத் தீர்மான நோட்டு எழுதுகிறவள்.

"குடுங்க மேடம், நான் எழுதித் தர்றேன்" என்றேன்.

அவர் நன்றியோடு கொடுத்தார்.

எழுத எழுதத்தான் எனக்கு மூளை வேலை செய்தது. ரெக்கார்டு இல்லை, ரெக்கார்டு இல்லை என்கிறார்களே, இது என்ன? போலீஸ் தாள், அரசாங்க முத்திரை விழப்போகிறது, அதில் பெயர், கணவர் பெயர், கதவு எண், தெரு! இதைவிடப் பெரிய அத்தாட்சி என்ன வேண்டும்? விஷயத்தைச் சொன்னதும் மண்டபமே கலகலத்துவிட்டது. "கதவு நம்பர் சரியாப் போட்டியா?", "என் மருமவ பேரையும் தனியாப் போடுடி" என்று என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மறியலுக்கே வராதவர்கள் போன் போட்டுப் பெயர் கொடுத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் எங்கள் தெருக்காரி, வியாபாரத்தை விட்டு வர முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தன் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன். நல்ல காரியத்தில் கஞ்சத்தனம் எதற்கு?

ஒரு மணி வாக்கில் என் பிரஷர் மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓரகத்தி வந்தாள். மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போனவளை நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இரு, உன் பேரையும் எழுதிடறேன். தனிக் குடும்பம்னு போட்டா நாளைக்கு உனக்குன்னு தனிப் பட்டா கேக்கலாம்."

அவள் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கக்கா" என்றாள். எழுதியபின், ஆறு மணிக்குச் சேர்ந்தே போகலாம் என்று அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று காலையில் நாங்கள் உட்கார்ந்த இடத்துக்கு அரை மைல் தள்ளி யாரோ ஒரு பஸ் கண்ணாடியைக் கல்லால் அடித்திருக்கிறார்கள். யார் என்று எங்களுக்கும் தெரியாது, போலீசுக்கும் தெரியாது. ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

"யாரு எழுதினது? பிரிண்ட் அடிச்சாப்ல இருக்கே" என்றார்.

என் கையெழுத்தை ஓர் அதிகாரி பாராட்டியது அன்றுதான். அந்தப் பட்டியலை வரி மாற்றாமல் குற்றவாளிகள் பட்டியலாக வைத்து, பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக வழக்குப் போட்டார்கள். முதல் பெயர் என்னுடையது என்பதால் நான் முதல் குற்றவாளி. ராத்திரியே மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தி, மண்டபத்தில் இருந்த பத்தொன்பது பெண்களையும் திருச்சிப் பெண்கள் சிறைக்கு அனுப்பினார்கள். மண்டபத்தில் இல்லாதவர்களைத் தலைமறைவு என்று எழுதினார்கள். டீக்கடைக்காரி மறுநாளும் ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாளாம்.

சிறையில் எனக்கும் ஓரகத்திக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம். முதல் மூன்று நாள் நான் அழுதேன், அவள் அழவில்லை. காலையில் எழுந்ததும் முப்பதாம் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் சொல்வாள். "அதெல்லாம் விட்டுடுவாங்க" என்று நான் சொல்வேன். போர்வையை மடிக்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தேன்.

ஜாமீன் மனு இரண்டு முறை தள்ளுபடியானது. மூன்றாம் முறை கிடைத்துவிட்டது என்று வக்கீல் வந்து சொன்னபோது நாங்கள் கைதட்டினோம். அப்புறம் நிபந்தனையை வாசித்தார். ஆளுக்கு இருபத்தைந்தாயிரம் கோர்ட்டில் கட்ட வேண்டும்; எல்லோரும் கட்டினால் அந்தக் கண்ணாடி இருந்த பஸ்ஸையே பழைய விலைக்கு வாங்கிவிடலாம். அதோடு ஆளுக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள். ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். இருவருக்கும் சொந்தப் பெயரில் பட்டாவோடு வீடோ நிலமோ இருக்க வேண்டும்.

 முதலில் ஒருத்தி சிரித்தாள், தொடர்ந்து எல்லோரும் சிரித்துவிட்டோம். பட்டா கேட்டதற்கு உள்ளே வைத்திருக்கிறார்கள். வெளியே வரப் பட்டா கேட்கிறார்கள். வக்கீலுக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் கிராம நிர்வாக அலுவலரிடம் போனபோது அவர், "பட்டா வச்சிருக்கற சொந்தக்காரங்க ஒருத்தர்கூடவா இல்ல உங்களுக்கு?" என்று அக்கறையாகத்தான் கேட்டாராம்.

"இருந்தா அவங்க வீட்லயே இருந்திருப்போமே சார்" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

பணத்துக்குக் குழுவில் கடன் போட்டார்கள், தாலிச்சரடு வரை அடகு போயிற்று. வக்கீல் இன்னொரு மனுப் போட்டு ரத்த உறவு நிபந்தனையைத் தளர்த்தினார். ஆனாலும் பட்டாக்காரர் வேண்டுமே. அப்போது மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நடவுக்கு ஆள் இல்லை. ஆளெல்லாம் திருச்சியில் இருந்தோம். நாங்கள் வழக்கமாக நடவுக்குப் போகும் நிலக்காரர், பாவம், எங்களுக்காக மனமிரங்கினார். தன் பட்டாவையும் தம்பி பட்டாவையும் வைத்து ஐந்து பேருக்கு ஜாமீன் நிற்பதாகச் சொன்னார். யார் யார் என்று அவரே எழுதிக் கொடுத்தார். ஐந்து பேரும் கைவேகம் உள்ள நடவுக்காரிகள். அதில் நான் உண்டு. ஓரகத்தி இல்லை.

கிளம்பும்போது அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "ஆர்டர் பீரோவுல மேல்தட்டுல இருக்குக்கா, நனையாம பாத்துக்குங்க" என்றாள். முப்பதாம் தேதிக்கு ஏழு நாள் இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் வயலில் நின்றேன். நிலக்காரர் வரப்புக்கு வந்ததும் கேட்டேன்.

"ஐயா, எங்க சின்னவளுக்கும் நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா வேலையில சேந்துடுவா."

"அந்தப் பொண்ணுக்கு நாத்துப் புடிக்கவே தெரியாதேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நியாயத்தைச் சொன்னார்.

காலையில் நடவு, மதியத்துக்கு மேல் அலைச்சல். கடைசியில் என் வீட்டுக்காரர் லோடு ஏற்றும் கூத்தாநல்லூர் மளிகைக் கடை பாய்தான், "நானும் என் மச்சானும் வர்றோம்மா, அழாதீங்க" என்றார். பாய்க்கு வீடு இருந்தது, பட்டா இருந்தது, மனசும் இருந்தது. ஆனால் அவர் வீடு ஜாமீனுக்குப் போதுமான விலை பெறும் என்று தாசில்தார் ஒரு சான்று தர வேண்டும். முதல் நாள் தாசில்தார் கலெக்டர் கூட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் வருவாய் ஆய்வாளர் வீட்டைப் பார்க்க வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, வீடு இருக்கிறது என்று கண்டுபிடித்தார். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பாய் கடையைப் பாதி நாள் அடைத்துவிட்டு எங்களோடு ஆபீஸ் வாசலில் நின்றார். அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் கை கூப்பத் தோன்றுகிறது. சான்று கிடைத்து, கோர்ட்டில் கொடுத்து, உத்தரவு சிறைக்குப் போய், அவள் வெளியே வந்தபோது ஒன்றாம் தேதி மதியம்.

மற்றவர்களும் இப்படி ஒவ்வொரு பட்டாவாகத் தேடிப் பிடித்துத்தான் வந்தார்கள். வெளியே வந்தவர்களுக்கெல்லாம் ஒரே நிபந்தனை: திங்கள்கிழமைதோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கு முடியும்வரை கோர்ட்டைக் கேட்காமல் முகவரி மாற்றக் கூடாது. இருபத்தொரு நாளில் காலி செய்யச் சொன்னவர்களுக்கு இது தெரியுமா என்று வக்கீலைக் கேட்டேன். "கிளறாதீங்கம்மா, அப்படியே இருங்க" என்றார்.

அவள் வந்த மறுநாள் காலையில் நானே அவளை அழைத்துக்கொண்டு அங்கன்வாடித் திட்ட அலுவலகத்துக்குப் போனேன். அந்த அதிகாரி அம்மா நல்லவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏன் வர முடியலன்னு எழுதிக் குடும்மா. உடம்பு சரியில்லன்னு டாக்டர் சர்டிபிகேட் வச்சா நான் சேத்துக்க முடியும்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே வந்ததும் சொன்னேன்.

"மஞ்சள்காமாலைன்னு வாங்கிடலாம். நமக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. மூணு வாரம் வீட்லயே படுத்திருந்தன்னு எழுதிடுவாரு."

"நான் வீட்ல இல்லையேக்கா."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அத்தனை நாளு உள்ள கெடந்துட்டு, அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? முடியாதுக்கா."

முதல்முறையாக என் பேச்சுக்கு அவள் மறுப்புச் சொல்கிறாள். நான் கெஞ்சினேன், திட்டினேன், தலையில் அடித்துக்கொண்டேன். அவள் உள்ளே போய், ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, குடியிருக்க இடம் கேட்டதால் சிறையில் இருந்தேன், ஜாமீன் கிடைத்தும் பட்டா வைத்த ஆள் கிடைக்காததால் வர முடியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி அம்மா அதை இரண்டு முறை படித்தார். மேலே அனுப்புகிறேன் என்றார். மேலேயிருந்து இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அந்த இடத்துக்கு அடுத்த தெருப் பெண் சேர்ந்துவிட்டாள்.

பதில் வந்த அன்று அடுப்படியில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

"எல்லாம் என்னாலதான். மாத்திரை குடுத்துட்டுப் போனவள நான்தான் கையப் புடிச்சு இழுத்தேன். என்னை மன்னிச்சுடு."

"நீங்க இழுத்ததுக்காக நான் நிக்கலக்கா" என்றாள். "தனிப் பட்டான்னு சொன்னீங்கல்ல, அதுக்காகத்தான் நின்னேன். அந்த வேலையும் அதுக்காகத்தான். மாசச் சம்பளம் வந்தா வாடகைக்காவது தனியாப் போயிடலாம்னு இருந்தேன்."

"தனியாவா? ஏன்?"

அவள் களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"உங்களோட ஒரே வீட்ல என்னால இருக்க முடியலக்கா."

மூன்று வருஷமாக வழக்கு நடக்கிறது. இன்னும் சாட்சி விசாரணையே தொடங்கவில்லை. கோர்ட் உத்தரவை மீறாமல் நாங்கள் இரண்டு பேரும் அந்த முகவரியில்தான் இருக்கிறோம்.