தடித்த கம்பி

மலேசியாவில், கிள்ளானில், மோட்டாருக்குக் காயில் என்ற கம்பிச் சுருள் சுற்றும் பட்டறையில் பதினெட்டு வருஷம் இருந்தேன். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. எனக்குத் தெரிந்தது கம்பி ஒன்றுதான். ஆக்லாந்து வந்தபிறகு மனுகாவ் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். கம்பி வேலை தெரியும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கூட வேலை செய்த ஒருவனிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரன். என்னைவிடப் பத்து வயது இளையவன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான். பெண் குழந்தை பிறந்து நாலு மாசம் ஆகியிருந்தது. சிகரெட் வாடையோடு வந்தால் பிள்ளையைக் கையில் தரமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். அதனால் வேப்புக்கு, ஆவி இழுக்கும் மின்சார சிகரெட்டுக்கு, மாறினான். யாரோ விற்ற பழையது. பித்தளைக் குழாய், உள்ளே ஒரு பேட்டரி, அடியில் அமுக்கும் பொத்தான். மேல்தலையில் கம்பிச் சுருளும், பழ வாசனைத் திரவம் ஊற்றும் பஞ்சும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தத் தலைதான் சுட்டது. நாலு இழுப்புக்குமேல் உதடு வைக்க முடியவில்லை. பஞ்சு கருகி இருமினான். இப்படியே போனால் திரும்பவும் சிகரெட்தான் என்றான்.

மோட்டாரில் காயில் சூடானால் தடித்த கம்பி போட்டுச் சுற்றுவோம். அதையே செய்தேன். சாப்பாட்டு இடைவேளையில் டிரில் பிட்டில் ஐந்து சுற்று. இரண்டு சுருள் செய்தேன். ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். மற்றதை என் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

கருகல் நின்றது. "அண்ணை, உங்கட கைக்கு மோதிரம் போடவேணும்" என்றான். ஒரு வாரம் கழித்து, இப்போது குழாய் சூடாகிறது என்றான். அது ஜூலை மாசம், ஆக்லாந்தில் குளிர்காலம்.

"குளிருக்கு நல்லதுதானே. நெஞ்சுக்குக் கிட்ட வைச்சிருக்கிறன்."

சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவனுக்கு இன்னும் கொஞ்சம் கம்பி வாங்க நியூ லின் போனேன். தடிமன் காட்டப் பர்ஸிலிருந்த சுருளை வேப் கடைக்காரனிடம் கொடுத்தேன். அவன் அதை மீட்டரில் வைத்துப் பார்த்தான். எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தான். எதில் மாட்டுகிறாய் என்று கேட்டான். சொன்னேன்.

என் இங்கிலீஷ் தெரிந்து மெதுவாகப் பேசினான். அந்தக் குழாயில் மின்சாரத்தைத் தடுக்க ஒன்றும் கிடையாதாம். தடித்த கம்பி பேட்டரியில் இருப்பதை ஒரேயடியாக இழுக்குமாம். பேட்டரி கொதிக்கும், அந்தச் சூட்டில் பொத்தானின் ஸ்பிரிங் தளர்ந்துபோகும், பிறகு யாரும் அமுக்காமலே ஓடும். அப்புறம் என்ன என்று கேட்டேன். உடனே பேட்டரியை எடுக்கச் சொல் என்றான்.

மோட்டாருக்கு மின்சாரம் சுவரிலிருந்து வரும். இதற்கு அந்தத் தம்பியின் நெஞ்சருகே இருந்த பேட்டரியிலிருந்து வந்தது. அதை நான் யோசிக்கவில்லை.

மூன்று தடவை அவனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. சனிக்கிழமை மூன்று மணி வரை அவன் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. பிள்ளையை நெஞ்சில் போட்டுத் தூங்குவேன் என்று அவனே சொல்லியிருக்கிறான். ஹில்ஸ்பரோவில் அவன் வீட்டுக்கு வண்டியை விட்டேன். எல்லா சிக்னலும் சிவப்பு.

கதவைத் தட்டினேன். சத்தமில்லை. பக்கவாட்டில் இருந்த கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். சோபாவில் மல்லாந்து கிடந்தான். பிள்ளை அவன்மேல் குப்புறக் கிடந்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

அந்தக் கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே போனதும் பழ வாசனை. அதற்கடியில் வேறொரு வாசனை. காயில் எரிவதற்குமுன் வருவது. பிள்ளையின் கால் சட்டைப்பைமேல் இருந்தது. குழாயைப் பிடுங்கினேன். உள்ளங்கை பொசுங்கியது. திறந்த கதவு வழியாகப் புல்லில் எறிந்தேன். விழுந்த இடத்தில் கிடந்து சீறியது. வெள்ளைப் புகை வந்தது. பிறகு வெடித்தது. வேலிப் பலகையில் ஏதோ போய் அடித்தது.

அவன் திடுக்கிட்டு எழுந்தான். பிள்ளை வீறிட்டு அழுதது. உடுப்பைக் கழற்றிப் பார்த்தோம். தொடையில் குழாய் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு.

சமையலறைக் குழாயடியில் காலைப் பிடித்தோம். குளிர்ந்த தண்ணீர் இருபது நிமிஷம் ஓட வேண்டும் என்று வேலையிடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டாக்டரிடம் போகலாம் என்றேன். தண்ணி விட்டு முடிய பிள்ளையின்ர அம்மாவும் வந்திடுவா, மூன்று பேருமாகப் போகலாம் என்றான்.

"பேட்டரி பழுதோ அண்ணை?"

ஆமா என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"இல்ல தம்பி. நான் சுத்துன கம்பிதான் தப்பு."

அவன் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அழுது அழுது பிள்ளைக்குக் குரல் கம்மிவிட்டது.

வெளியே கார் வந்து நின்றது.

"நீங்கள் பின்கதவால போங்கோ. நான் அவவுக்குச் சொல்லிக்கொள்ளுறன்."

நான் முன்வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தேன்.